சோத்துக் கத்தாழை தொட்டியில படுத்துக்குது: வெயில் பத்தலையா, தண்ணி ஜாஸ்தியா?

வெண்ணாம்பட்டி வாடகைவீடு | தருமபுரி | ஞாயிறு, காலை 9:10

எல்லாருக்கும் வணக்கம்ங்க. இங்க ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இதுதான் நான் ஆரம்பிக்கிற முதல் இழை.

வீட்டுக்குள்ள வைக்கலாம்னு நர்சரியில ஒரு சோத்துக் கத்தாழை வாங்குனோம். கறுப்புக் கவர்ல குடுத்தாங்க. அதை வெள்ளைப் பீங்கான் தொட்டிக்கு மாத்தி ஹால்ல டிவி பக்கத்துல வெச்சோம். வாங்கும்போது மடல் எல்லாம் நிமிர்ந்து, கைக்குக் கனமா இருந்துச்சு. இப்ப ஒவ்வொண்ணா வெளிப்பக்கம் சாஞ்சு தொட்டி விளிம்புல படுத்துக்குது. நிறம் வெளுத்துப்போச்சு. புதுசா வர்ற மடல் நீளமா, ஒல்லியா வருது. அடியில ரெண்டு மடல் தொட்டா கொழகொழங்குது.

அத்தை தினமும் காலையில துளசிக்கு ஊத்தும்போது இதுக்கும் ஒரு சொம்பு ஊத்திடுவாங்க. அது போதுங்களா? வெயில்ல வைக்கணும்னா எங்களுக்கு இருக்கிறது மேற்கு பார்த்த பால்கனி மட்டும்தான். பக்கத்து வீட்டு அக்கா மடலை வெட்டி ஜூஸ் போட்டுக் குடி, உடம்புச் சூடு தணியும்ங்கறாங்க. அதையும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காரிமங்கலம் அக்கா | ஞாயிறு, காலை 9:34

போதுமாவா? கண்ணு, முதல்ல அந்தச் சொம்பை எடுத்து ஒளிச்சு வை. துளசிக்கும் கத்தாழைக்கும் ஒரே பந்தியில இலை போடக்கூடாது.

தொட்டிக்கு அடியில ஓட்டை இருக்கா? வெள்ளைப் பீங்கான்னாலே எனக்குச் சந்தேகம். செடியைக் கவுத்து எடுத்து வேரைப் பார்த்துட்டு வந்து சொல்லு.

ஓசூர் மாடித்தோட்டம் | ஞாயிறு, காலை 10:02

அக்கா கேட்டதுதான் முதல் கேள்வி. ஆனா உங்க செடிக்கு ரெண்டு கோளாறு சேர்ந்து இருக்கு, அதைப் பிரிச்சுப் பார்க்கணும்.

வெளுக்கிறது, ஒல்லியா நீள்றது, தட்டையாச் சாயறது எல்லாம் வெளிச்சக் குறை. டிவி பக்கம் நமக்கு வெளிச்சமாத் தெரியும், செடிக்கு அது இருட்டு. அடிமடல் கொழகொழங்கறது தண்ணி. தண்ணி கம்மியானா காட்டுற அடையாளமே வேற: மடல் மெலிஞ்சு, உள்பக்கம் குழிஞ்சு, நுனி காய்ஞ்சு சுருளும். அதுக்குப் பயப்பட வேண்டாம், ஒரு தடவை நல்லா நனைச்சா ரெண்டு மூணு நாள்ல மடல் ரொம்பிடும். அழுகல் அப்படித் திரும்பாது.

அரேபியத் தீபகற்பத்து வறண்ட நிலத்துச் செடி இது. பகல்ல இலைத்துளைகளை மூடி வெச்சுக்கும். ராத்திரி குளிர்ச்சியிலதான் திறந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்து, அமிலமாச் சேர்த்து வெச்சு, மறுநாள் வெளிச்சத்துல சமைச்சுக்கும். அதனால பகல் சூட்டுல அதுக்குத் தண்ணிச் சேதம் ரொம்பக் கம்மி. தினமும் ஊத்துற தண்ணியைச் செடி குடிக்கறதில்ல, மண்ணுலதான் நிக்குது. வேருக்குக் காத்து கிடைக்காம அங்கதான் அழுகல் பிடிக்குது.

வெண்ணாம்பட்டி வாடகைவீடு | ஞாயிறு, மதியம் 12:20

ஓட்டை இல்லைங்க. கவுத்தப்போ அடியில ஒரு விரக்கடை தண்ணி தேங்கி இருந்துச்சு, மண்ணு சாக்கடை வாசம் அடிச்சுது. மூணு நாலு வேர் மட்டும் தடியா, மஞ்சள் கலந்த வெள்ளையா இருக்கு. மத்ததெல்லாம் காபித்தூள் நிறம்; புடிச்சு இழுத்தா மேல்தோல் மட்டும் உறை மாதிரி கையோட வந்துடுது, உள்ள நூலாட்டம் ஒண்ணு மிஞ்சுது. தண்டு அடிப்பாகம் கெட்டியாத்தான் இருக்கு. பொழைக்குங்களா?

ஓசூர் மாடித்தோட்டம் | ஞாயிறு, மதியம் 12:41

தண்டு கெட்டின்னா பொழைக்கும். கறுத்த வேரையும் கொழகொழ மடலையும் சுத்தமான கத்தியால எடுத்துடுங்க. மீதியை மண்ணே இல்லாம, நிழலா காத்தாடுற இடத்துல நாலஞ்சு நாள் சும்மா போட்டு வைங்க. வெட்டுவாய் காய்ஞ்சு தோல் கட்டணும். பிறகு அடியில ஓட்டை இருக்கிற மண்தொட்டியில, செடி நிக்கிற அளவுக்கு மட்டும் ஆழமா நடுங்க. நட்ட அன்னைக்கே தண்ணி வேண்டாம், ஒரு வாரம் போகட்டும்.

தொட்டி பெருசா இருந்தா செடி வேகமா வளரும்னு நினைக்காதீங்க. வேர்க்கட்டை விட ரெண்டு விரல் அகலம் போதும். பெரிய தொட்டியில மண்ணு நிறைய, வேர் கம்மி. அந்த ஈரம் காயவே காயாது.

பர்கூர் ஜல்லி | ஞாயிறு, பிற்பகல் 2:15

மண் கலவைக்கு பர்கூர்க்காரன் நான் ஒண்ணு சொல்லிக்கிறேன். ஆத்து மணல் தேடி அலையாதீங்க, கிருஷ்ணகிரி மாவட்டத்துல கல்லுக்கா பஞ்சம்? கிரஷர் பவுடர், அதான் ஜல்லி உடைக்கிற இடத்துல வர்ற கல்தூள், ஒரு சட்டி வாங்கிக் கலந்துடுங்க, காசும் கம்மி.

ஓசூர் மாடித்தோட்டம் | ஞாயிறு, பிற்பகல் 2:30

பவுடரை அப்படியே கலக்காதீங்க சார். அதுல மாவு மாதிரி இருக்கிற தூள் தண்ணி பட்டதும் இறுகி சிமெண்டுத் தரை ஆயிடும். சல்லடையில சலிச்சு, மேல நிக்கிற குருணையை மட்டும் எடுத்துக்கணும். பேபி சிப்ஸ்ங்கற பொடி ஜல்லி கிடைச்சா இன்னும் நல்லது, ஒரு தடவை கழுவிட்டுப் போடுங்க.

நான் போடுறது: செம்மண் ஒரு பங்கு, கல்லுக்குருணை ஒரு பங்கு, நல்லா மக்குன எரு அரைப் பங்கு. தென்னைநார்த்தூள் இந்தச் செடிக்கு வேண்டவே வேண்டாம்ங்கறது என் கட்சி. மேல காய்ஞ்ச மாதிரி தெரியும், உள்ள ஈரம் பிடிச்சு வெச்சுக்கும். நர்சரிக் கவர்ல வர்றது பெரும்பாலும் அதுதான், வாங்கினதும் உதறிடுங்க.

பர்கூர் ஜல்லி | ஞாயிறு, பிற்பகல் 2:38

சலிக்கணும்ங்கறது சரிதான். ஒத்துக்கறேன். ஆனா நார்த்தூள் மேல உங்களுக்கு என்ன தனிப்பட்ட கோபம்னு தெரியல 😄

அரூர் வெயில் | ஞாயிறு, மாலை 6:05

ஓசூர்க்காரங்க ஊர்த் தண்ணிக் கணக்கை நம்ம பக்கம் அப்படியே புடிச்சுக்காதீங்க. அவங்க ஊர் மேட்டுல இருக்கு, ரோஜா பூக்குற ஊரு. சித்திரை வைகாசியில அரூர் மொட்டை மாடியில வெறுங்கால் வெக்க முடியாது. நான் அப்ப வாரம் ஒரு தடவை, தொட்டி அடியில தண்ணி வர்ற வரைக்கும் ஊத்துவேன். புரட்டாசி ஐப்பசி மழையில ஒண்ணுமே ஊத்தறதில்ல, தாழ்வாரத்துக்குள்ள தள்ளி வெச்சுடுவேன். மார்கழியில மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு.

கிழமை எல்லாம் ஒரு குத்துமதிப்புத்தான். ஆள்காட்டி விரலை மண்ணுல முழுசா விடுங்க. நுனியில ஈரம் தட்டுனா அன்னைக்கு லீவு.

மேற்கு பால்கனி பத்தி: வைக்கலாம், ஆனா ஹால்ல இருந்ததை ஒரேயடியா மூணு மணி வெயில்ல தள்ளாதீங்க. மடல் செம்பு நிறமா மாறிடும். செத்துப்போகாது, நிழல் கண்டா மெல்லப் பச்சை திரும்பும். முதல்ல பால்கனிக்கு உள்ளடங்கி, அப்புறம் வாரத்துக்குக் கொஞ்சமா வெளிய நகர்த்துங்க. தரை மேல நேரா வைக்காம ரெண்டு செங்கல் மேல ஏத்தி வைங்க, கான்கிரீட்டுச் சூடு வேரை வேக வெச்சுடும்.

பாலக்கோடு தக்காளி | ஞாயிறு, இரவு 8:12

தண்ணி எதுன்னு யாருமே கேக்கலயே? போர் தண்ணியா, காவேரியா? எங்க வீட்டு போர் தண்ணி ஊத்துனா மண்தொட்டி வெளிப்பக்கம் வெள்ளையா உப்பு பூத்துடும், மண்ணு மேலயும் படியும். நுனி கருகுறதுக்கு அதுவும் ஒரு காரணம். எப்பவாவது மழைத்தண்ணி புடிச்சு, தாராளமா ஊத்தி அடிவழியா ஓட விட்டா உப்பு கழுவிட்டுப் போகும்.

நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் நிலத்தடி நீர்ல ஃப்ளோரைடு ஜாஸ்தி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல வந்ததே அதுக்குத்தான். காவேரித் தண்ணியைச் செடிக்கு ஊத்தாதீங்க, அது குடிக்க வெச்சிருக்கிறது. செடிக்குக் கூரையில இருந்து வழியிற மழைத்தண்ணி போதும்.

ஊத்தங்கரை பைக் | திங்கள், காலை 7:50

ப்ரோ, இதுக்கு எதுக்குக் காசு குடுத்துத் தொட்டி, மண்ணுன்னு? எங்க ஊர்ல வரப்பு ஓரம் பூரா கத்தாழைதான். ஆள் உசரம், ஒரு மடலே கை நீளம். நேத்து ஒரு மடல் வெட்டிட்டு வந்தேன், தங்கச்சி முகத்துக்குக் கேட்டா. படம் போட்டிருக்கேன் பாருங்க, நம்ம தொட்டிச் செடி எல்லாம் இது முன்னாடி குழந்தை.

காரிமங்கலம் அக்கா | திங்கள், காலை 8:01

தம்பி நில்லு நில்லு. முகத்துல போட்டுட்டாளா?! அது ரயில் கத்தாழை. ஆனைக் கத்தாழைன்னும் சொல்லுவோம். அதுல நார் எடுப்பாங்க, வேலிக்கு நடுவாங்க. அந்தச் சாறு பட்டா உடம்பு பூரா அரிக்கும். பழைய ஆளுங்க அதை வெட்டும்போது கையில சாக்குப்பை சுத்திக்குவாங்க.

ஓசூர் மாடித்தோட்டம் | திங்கள், காலை 8:20

அக்கா முந்திட்டாங்க. அது அகேவ். மெக்சிகோ பக்கத்துச் செடி, சோத்துக் கத்தாழைக்கு நெருங்கின சொந்தம் இல்ல. சாறுல ஊசி மாதிரி கால்சியம் ஆக்சலேட் படிகம் இருக்கும், தோல்ல குத்தி எரிச்சல் குடுக்கும். அடையாளம் சுலபம்: நுனியில ஆணி மாதிரி கறுத்த முள், மடலை ஒடிச்சா நார் நாரா வரும். சோத்துக் கத்தாழை ஓர முள்ளு நகத்தால ஒடிக்கிற அளவு மெதுவா இருக்கும், வெட்டுனா உள்ள கண்ணாடி மாதிரி சதை (அதான் சோறு), தோலை ஒட்டி மஞ்சள் பால். அகேவ் வாழ்நாள்ல ஒரே தடவை கம்பம் மாதிரி பூத்தண்டு விட்டு அப்படியே சாகும். சோத்துக் கத்தாழை வருஷா வருஷம் பூக்கும்.

ஊத்தங்கரை பைக் | திங்கள், காலை 8:26

இன்னும் போடல. ஃப்ரிட்ஜ்ல இருக்கு. இருந்துச்சு. இப்ப குப்பையில.

தேன்கனிக்கோட்டை மஞ்சு | திங்கள், காலை 11:15

குறுக்க வர்றேன். எங்க வீட்டு வாசல்ல திருஷ்டிக்கு ஒண்ணு தலைகீழாத் தொங்குது. மண்ணு இல்ல, தண்ணி இல்ல, புகை தூசி எல்லாம் படுது. போன மாசம் அதுல பூத்தண்டு விட்டு, நுனி மேல்பக்கம் வளைஞ்சு பூத்திருக்கு! மாமியார் நல்ல சகுனம்னு தெருவுக்கே காட்டினாங்க. எப்படிங்க அது உயிரோட இருக்கு?

அரூர் வெயில் | திங்கள், காலை 11:40

மடல் பூரா தண்ணித்தொட்டிதான். மேல மெழுகுப் பூச்சு, பகல்ல துளை மூடல். ஓசூர்க்காரர் மேல சொன்ன அதே சங்கதி. ஆனா அது சேமிப்பைக் கரைச்சுச் சாப்பிட்டுட்டு இருக்கு. மடல் மெலிஞ்சு வளைய ஆரம்பிச்சதும் இறக்கி மண்ணுல வெச்சுட்டு, வேற ஒண்ணைக் கட்டுங்க. மாறி மாறி வேலை பார்க்கட்டும்.

வெண்ணாம்பட்டி வாடகைவீடு | திங்கள், மாலை 5:30

மண்தொட்டி வாங்கியாச்சு, செடி நிழல்ல காயுது. அத்தைகிட்டயும் சொல்லியாச்சு, கொஞ்சம் வருத்தம் அவங்களுக்கு. வெட்டி எடுத்த மடல்ல ஒண்ணு நல்லாத்தான் இருக்கு. அதை எப்படிச் சுத்தம் பண்றது? அப்படியே முகத்துல தேய்க்கலாங்களா?

காரிமங்கலம் அக்கா | திங்கள், மாலை 6:10

இப்ப வெட்டுனதை விட்டுடு, செடிக்குச் சுகமில்லாதப்ப எடுத்தது. இனிமே எடுக்கும்போது சொல்றேன். செடி தேறி, எட்டுப் பத்து மடலாவது இருக்கட்டும். வெளிப்பக்கம் இருக்கிற முத்தின மடலை மட்டும் அடியோட எடு. நடுக்குருத்துல கை வைக்காதே.

எடுத்ததும் வெட்டுவாய் கீழ பார்க்கிற மாதிரி ஒரு டம்ளர்ல நிக்க வை. கால் மணி நேரத்துல மஞ்சளா, பிசுபிசுன்னு பால் இறங்கும், ஒரு மாதிரி நெடி அடிக்கும். துணியில பட்டா கறை போகாது. பிறகு ரெண்டு ஓரத்து முள்ளையும் சீவிட்டு, மீன் செதில் எடுக்கிற மாதிரி மேல்தோலைக் கத்தியால சாய்ச்சு இழு. பச்சைத் தோலை ஒட்டித்தான் அந்தப் பால் ஓடும், அதனால சோத்துல பச்சையோ மஞ்சளோ ஒட்டாம எடு. துண்டு போட்டு ஏழு தண்ணி அலசணும்னு எங்க அம்மா சொல்லுவாங்க. நாலாவது தண்ணியில வழவழப்பு குறையும், கசப்பும் போயிருக்கும். இருந்தாலும் ஏழு.

முகத்துக்குன்னா முதல்ல முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தடவிட்டு ஒரு நாள் பாரு. சிலருக்கு இதுவே ஒத்துக்காது, சிவந்து தடிக்கும். மிச்சத்தை மூடி போட்ட டப்பாவுல ஃப்ரிட்ஜ்ல வெச்சா ஒரு வாரம் கிட்ட இருக்கும். ரோஸ் நிறமா மாறுனா நான் தூக்கிப் போட்டுடுவேன்.

சிப்காட் ஷிப்ட் | திங்கள், இரவு 10:45

நான் தினமும் காலையில வாக்கிங் முடிச்சு கத்தாழை ஜூஸ் ஒரு கிளாஸ் அடிக்கிறேன், அருகம்புல் ஜூஸ் விக்கிறவர்கிட்டயே கிடைக்கும். வயிறு சுத்தமா இருக்கு. மஞ்சள் பால், ஏழு தண்ணின்னு அனாவசியமா பயமுறுத்தாதீங்க. நம்ம முன்னோர் சாப்பிட்டதுதானே?

மாத்திரைக் கடை | கிருஷ்ணகிரி | செவ்வாய், காலை 6:55

மருந்தாளுநராக இருப்பதால் இதற்கு மட்டும் நீளமாக எழுதுகிறேன்.

"வயிறு சுத்தமா இருக்கு" என்பதற்கே காரணம் அந்த மஞ்சள் பாலாக இருக்கலாம். அதில் அலோயின் என்ற பொருள் உள்ளது. அது குடலைத் தூண்டும் பேதி மருந்து. தொடர்ந்து எடுத்தால் வயிற்றுப் பிடிப்பு, நீரிழப்பு, உடலில் பொட்டாசியம் குறைவு ஆகியவை வரும். இதய மருந்தும், நீர் பிரிய மாத்திரையும் எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் குறைவது விளையாட்டல்ல. அமெரிக்காவில் மருந்துச் சீட்டில்லாமல் விற்ற மலமிளக்கிகளில் கற்றாழைப் பால் இருக்கக் கூடாது என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2002-லேயே சொல்லிவிட்டது. தோலோடு அரைத்த, வடிகட்டி நிறம் நீக்காத முழுமடல் சாற்றை 2 ஆண்டுகள் குடிநீரில் கலந்து கொடுத்த எலிகளுக்குப் பெருங்குடலில் கட்டிகள் வந்தன. அதன் பிறகு உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை முழுமடல் சாற்றை 2பி பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவை என்ற பட்டியலில், சேர்த்தது. சுத்தம் செய்த உள்சோறு வேறு, முழுமடல் வேறு. ஆனால் ஜூஸ் வண்டியில் எது மிக்ஸியில் போகிறது என்று நீங்கள் பார்த்தீர்களா?

கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், குழந்தைகள் குடிக்க வேண்டாம். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை மேலும் இறங்கக்கூடும், மருத்துவரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். வீட்டில் நாய், பூனை இருந்தால் செடி அவற்றுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கடித்தால் வாந்தி, பேதி வரும்.

பாப்பாரப்பட்டி வைத்தியர் பேரன் | செவ்வாய், காலை 9:30

மருந்துக்கடை அண்ணன் சொன்னதோட ஒண்ணு மட்டும் சேர்த்துச் சொல்றேன். முன்னோர் சாப்பிட்டாங்கன்னு சொல்றவங்க முன்னோர் எப்படிச் சாப்பிட்டாங்கன்னு சொல்றதில்ல. அந்த மஞ்சள் பாலைக் காய வெச்சா வர்றதுதான் கரியபோளம், மூசாம்பரம்னு நாட்டு மருந்துக் கடையில கறுப்புக் கட்டியா கிடைக்கும். சுளுக்கு, வீக்கத்துக்கு மேல பத்து போடுறோமே, அதேதான். அதை உள்ளுக்குக் கொடுக்கணும்னா சுத்தி (நச்சு நீக்குற) முறை, அளவு, பத்தியம் எல்லாம் உண்டு. கத்தாழையில செய்யுற குமரி லேகியமும் ஒரு நோய்க்கு, ஒரு காலத்துக்குக் கொடுக்கிற மருந்து. தினமும் ஒரு கிளாஸ்னு எந்தத் தாத்தாவும் குடிக்கல. வாக்கிங் போற தாத்தாதான் குடிக்கிறார்.

சிப்காட் ஷிப்ட் | செவ்வாய், காலை 9:52

சரி சரி, எல்லாரும் சேர்ந்து அடிக்காதீங்க. நாளைக்கு அவர் எப்படிப் போடுறார்னு நின்னு பார்க்கிறேன். ஆனா வீட்டுக்குள்ள வெச்சா காத்து சுத்தமாகும், நாசாவே சொல்லியிருக்குன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே, அதுவும் பொய்யா?

ஓசூர் மாடித்தோட்டம் | செவ்வாய், காலை 10:15

நாசா ஆய்வு நிஜம், 1989. ஆனா அது மூடி சீல் வெச்ச சின்னப் பெட்டிக்குள்ள செடியை வெச்சுப் பார்த்தது. நம்ம வீட்டுல ஜன்னல், கதவு, ஃபேன் எல்லாம் இருக்கு. இதுவரை நடந்த ஆய்வுகளை 2019ல மொத்தமாத் திரட்டிப் பார்த்தவங்க, ஜன்னல் வழியா வர்ற காத்தோட வேலையைச் செடி செய்யணும்னா ஒரு சதுர மீட்டருக்குக் குறைஞ்சது பத்து, மிஞ்சினா ஆயிரம் செடி வேணும்னு கணக்குப் போட்டாங்க. ஜன்னலைத் திறங்க.

தேன்கனிக்கோட்டை மஞ்சு | செவ்வாய், பிற்பகல் 1:20

தலைக்கு எண்ணெய் காய்ச்சுறவங்க யாராவது இருக்கீங்களா? நான் தேங்காய் எண்ணெயில கத்தாழை போட்டுக் காய்ச்சுனா பத்து நாள்ல சிக்கு வாடை வந்துடுது.

பாப்பாரப்பட்டி வைத்தியர் பேரன் | செவ்வாய், பிற்பகல் 1:48

தண்ணி வத்தல, அதான். சோறு முக்காலே மூணு வீசமும் தண்ணிதான். அடி கனமான சட்டியில, சிறு தீயில வைங்க. முதல்ல சடசடன்னு வெடிக்கும், முகத்தைக் கிட்ட கொண்டு போகாதீங்க. சத்தம் அடங்கி, நுரை சன்னமாகி, கத்தாழைத் துண்டு பழுப்பா சுருங்கி அடியில உக்காரும். அந்தக் கசண்டைக் கொஞ்சம் எடுத்து ஆறினதும் ரெண்டு விரல்ல உருட்டிப் பாருங்க. மெழுகு மாதிரி திரி உருளணும். திரியை நெருப்புல காட்டினா சத்தமில்லாம எரியணும். படபடன்னா உள்ள இன்னும் தண்ணி இருக்கு. ஈரமில்லாத பாட்டில்ல, நல்லா ஆறினப்புறம் ஊத்துங்க.

முடி கொட்டுறது நிக்குமான்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க. தலை குளிர்ச்சியா இருக்கும், முடி சிக்கு எடுக்க வாகா இருக்கும். அவ்வளவுக்குத்தான் நான் வாக்குக் கொடுப்பேன்.

பாலக்கோடு தக்காளி | செவ்வாய், மாலை 4:05

குக்கர் ஆவி பட்டா உடனே மடலை ஒடிச்சுத் தடவறது எங்க வீட்டுப் பழக்கம். சரியாங்க மருந்துக்கடை அண்ணா?

மாத்திரைக் கடை | செவ்வாய், மாலை 4:40

முதலில் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். கற்றாழை அதற்குப் பிறகுதான், அதுவும் தோல் சிவந்து மட்டும் இருந்தால், பால் நீக்கிய சோறு மட்டும். கொப்பளம் உடைந்திருந்தாலோ, உள்ளங்கை அளவுக்கு மேல் பட்டிருந்தாலோ, முகம், கண் பக்கம் என்றாலோ எதையும் தடவாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பற்பசை, காபித்தூள், இங்க் எதுவும் கூடாது.

மொரப்பூர் மானாவாரி | செவ்வாய், மாலை 6:30

அண்ணன்மாரே, ஒரு ஏக்கர் சும்மா கிடக்கு. கத்தாழை போட்டா கம்பெனியே வந்து எடுத்துக்கும், கன்னும் அவங்களே தர்றாங்கன்னு ஒருத்தர் வந்து பேசுறாரு. போடலாமா?

அரூர் வெயில் | செவ்வாய், மாலை 6:44

கன்னு விக்கத்தான் வந்திருக்காரோ என்னவோ. ஈமு கோழி வளர்த்தா நாங்களே எடுத்துக்கறோம்னு காசு வாங்கி ஏமாத்துனது ஞாபகம் இருக்கில்ல? விளைஞ்ச மடலை யார், என்ன விலைக்கு, எங்க வந்து எடுக்கிறாங்கன்னு கையெழுத்தோட காட்டச் சொல்லுங்க. வெட்டின மடல் ரொம்ப நாள் தாங்காது. காசு கட்டறதுக்கு முன்னாடி பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துல ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

நெறியாளர் | செவ்வாய், இரவு 7:00

ஏக்கர் கணக்குச் சாகுபடிக்குத் தனி இழை தொடங்குங்க ஐயா, இங்க தொட்டிச் செடி மட்டும்.

வெண்ணாம்பட்டி வாடகைவீடு | அடுத்த மாதம், ஞாயிறு, காலை 8:25

செடி நின்னுடுச்சுங்க. நடுக்குருத்து நிமிர்ந்து வருது. இப்ப பக்கத்துல சின்னதா ரெண்டு கன்னு முளைச்சிருக்கு, மடல்ல வெள்ளைப் புள்ளி இருக்கு. தாய்ச்செடியில புள்ளி இல்லையே, நோயா? உடனே பிரிக்கலாமா? அப்புறம் மடல் இடுக்குல பஞ்சு மாதிரி வெள்ளையா ஏதோ ஒட்டியிருக்கு, எறும்பும் ஏறுது.

காரிமங்கலம் அக்கா | அடுத்த மாதம், ஞாயிறு, காலை 8:50

கன்னுக்குப் புள்ளி இருக்கும், வளர வளர மறைஞ்சுடும். வளர்ந்தும் புள்ளி மாறாம ஆரஞ்சு நிறத்துல பூத்தா அது வேற ரகம். இப்பவே பிரிக்காதே. நாலஞ்சு மடல் விட்டு, கன்னுக்குன்னு சொந்த வேர் வந்திருக்கான்னு மண்ணைத் தள்ளிப் பார்த்துட்டு எடு. எடுத்ததும் ரெண்டு நாள் காய வெச்சு நடு. தனி மடலைச் சொருகுனா வேர் விடாது, அழுகத்தான் செய்யும். அதையும் யாராவது சொல்லிக் குடுத்திருப்பாங்க உனக்கு.

பஞ்சு மாதிரி இருக்கிறது மாவுப்பூச்சி. அது விடுற இனிப்புத் தண்ணிக்குத்தான் எறும்பு ஏறுது. காது குடையுற பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டுல தோய்ச்சு, இடுக்கு இடுக்கா தொட்டு எடு. பிறகு ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு கலந்து சாயங்காலமா தெளி. வெயில்ல தெளிச்சா மடல் கருகும். நடுக்குருத்துல தேங்குனதைத் துணியால ஒத்தி எடுத்துடு. வாரம் ஒரு தடவை, பூச்சி நிக்கிற வரைக்கும். அந்தத் தொட்டியைத் துளசி பக்கத்துல வைக்காதே, அதுலயும் ஏறிடும்.